முறைவைத்து ஆடும் ஆட்டம்

வீடியோ விளையாட்டுகளில் நாமே கதைமாந்தராகி, நாடு சுற்றிப் பகைவரோடு பொருதும் வகை ஒன்று உண்டு. அதில் போர் இருவகைப்படும். ஒன்றில் கைவிரைவே வெற்றி தரும். மற்றொன்றில், சதுரங்கம்போல், நம் முறை முடியும்வரை பகைவன் காத்து நிற்பான். பின்னது இக்காலத்துக்கு ஏற்குமா?

ஏலாது என்போர் கூற்றும் எளிதன்று. 1986-இல் ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' தோன்றியபோது கருவியின் ஆற்றல் சிறிது. முறைவைத்தல் அதற்குப் பொருந்திற்று. இன்றோ கருவி வளர்ந்துவிட்டது. 1987-இல் முறையாட்டமாகத் தொடங்கிய 'ஃபைனல் ஃபேண்டசி' வரிசையே, 2023-இல் வந்த பதினாறாம் பாகத்தில் விரைவுப் போரை மேற்கொண்டது.

ஆயினும் அதே ஆண்டில், பெல்ஜிய நிறுவனமான லாரியன் ஆக்கிய 'பால்டர்ஸ் கேட் 3' முறையாட்டமாகவே வந்து, 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டாயிற்று. 2025-இல் அச்சிறப்பைப் பெற்ற பிரெஞ்சுப் படைப்பான 'கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33' இரண்டையும் இணைத்தது: தாக்குதல் முறைப்படி, தடுத்தல் நொடிப்பொழுதில்.

கருவியின் குறைக்கு இசைந்த வழக்கம், தன் குணத்தால் நிலைத்தது எனலாம். அக்குணம், எண்ணுதற்கு இடம் தருதல். எவரை முதலில் காப்பது, எஞ்சிய மருந்தை எவருக்கு அளிப்பது என ஆராய்கிறோம். விரல் தளர்ந்த முதியோரும், வேற்றூரில் பணி முடித்துக் களைத்து அறை திரும்புவோரும் இளைஞருக்கு நிகராக ஆடலாம்.

ஒரே கட்டளையை நூறுமுறை இடச்செய்யும் ஆட்டம் சலிப்பூட்டும் என்பது மெய்யே. அக்குறை முறையினதன்று, ஒவ்வொரு முறையிலும் ஆராயத்தக்க ஒன்றை வைக்காத ஆக்கியோனது. ஆராய்ந்து துணிவதில் இன்பம் காண்போர் உள்ளவரை இம்முறைக்கு இடமுண்டு என்பதே நம் முடிபு.