மணக்கும் ஏலமும் மறைந்த மனிதரும்

(போடிநாயக்கனூர்ப் படிப்பகத்தில் ஆற்றிய உரை)



ஏலம் என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. மலைச்சரிவிலே விளையும் மணக்கும் காய் ஒன்று. விலை கேட்டு விற்கும் வாணிபம் மற்றொன்று. இரண்டும் கைகோத்து நடக்கும் ஊர் இந்தப் போடிநாயக்கனூர். இங்கே காயின் பருமனுக்கு விலை உண்டு. பச்சை நிறத்துக்கும் விலை உண்டு. பறித்த கைக்கு என்ன விலை? அந்தக் கேள்வியை என் நெஞ்சிலே நட்டது ஒரு நாவல்!

‘ரெட் டீ’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். 1969-இல் வெளிவந்தது. எழுதிய பி.எச். டேனியல், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களிலே மருத்துவராகப் பணியாற்றியவர். நாடி பிடித்த கை பேனா பிடித்தது. நோயாளியின் முனகல் நூலாயிற்று. தமிழரின் கதைதான், ஆயினும் தமிழுக்கு வர 38 ஆண்டுகள் ஆயின! 2007-இல் இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கித் தந்தார். 2013-இல் பாலாவின் ‘பரதேசி’ திரைப்படம் அதன் அடியொற்றி எழுந்தது.

கதை வெள்ளையர் ஆட்சிக் காலத்தது. திருநெல்வேலிச் சீமையிலே பசியோடு போராடும் கருப்பன், வள்ளி என்ற இளந்தம்பதியர். கங்காணி வருகிறான், கையிலே முன்பணம், நாவிலே தேன். மலை ஏறுகிறார்கள். முன்பணம் கடனாகிறது, கடன் கால்விலங்காகிறது. குளிரும் காய்ச்சலும் கொத்துக் கொத்தாக உயிர் பறிக்கின்றன. படிக்குமுன் மலை நமக்கு இயற்கைக் காட்சி. படித்து முடித்தபின்னோ, அது உழைத்தவரின் கணக்கேடு!

படித்துவிட்டுப் பெருமூச்செறிந்தால் போதுமா? அமெரிக்காவிலே 1906-இல் அப்டன் சிங்க்ளேர், சிகாகோ இறைச்சித் தொழிலாளரின் துயரை ‘தி ஜங்கிள்’ என்ற நாவலாக்கினார். நாடு துடித்தது. எதற்காக? தன் தட்டிலிருந்த இறைச்சி தூயதா என்று! அந்த ஆண்டே இறைச்சிச் சோதனைச் சட்டம் வந்தது. வெட்டிய தொழிலாளியை நாடு மறந்தது. அதை எண்ணி ஆசிரியரே வருந்தினார். நாமும் அவ்வாறு படித்தல் ஆகாது.

பழைய கங்காணி போய்விட்டான். 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பிறந்தது. ஆயினும் விடியுமுன் போடிமெட்டுச் சாலையிலே நின்று பாருங்கள்! எல்லை கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்லும் நம் தாய்மார்களை நெருக்கியடித்து ஏற்றிக்கொண்டு, வளைவு வளைவாக ஏறுகின்றன ஜீப்புகள்! ஒன்று உருண்டால் மறுநாள் செய்தி. அதற்கு மறுநாள் மறதி. செய்தி மறந்துபோகும், வள்ளி மறந்துபோக மாட்டாள். அதுதான் நாவலின் வலிமை.

ஆகவே தோழர்களே, வேண்டுகோள் ஒன்று. இந்நூலைப் படிப்பகத்தின் அலமாரியிலே பூட்டி வைக்காதீர்! ஓய்வு நாளிலே அத்தாய்மார்களை அழைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் அவர்களைப் பேச விடுங்கள். கூலி என்ன, பயணம் எப்படி, விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு? சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நம் கோரிக்கைப் பட்டியல் அங்கிருந்து தொடங்கட்டும்!

காய்க்குத் தரம் பார்க்கும் ஊர் இது. அதைப் பறித்தவரின் வாழ்க்கைத் தரத்தையும் இனிப் பார்க்கட்டும்!