வானத்துக் கண்ணும் வறண்ட கண்மாயும்

(வெம்பக்கோட்டைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஆகாயத்தைப் பற்றியது. ஆகாயம் என்றவுடன் உங்களில் பலருக்குப் பஞ்சாங்கம் ஞாபகத்திற்கு வந்திருக்கும். அது உங்கள் குற்றமல்ல. ஆகாயம் என்பது வெகுகாலமாக நம் நாட்டில் புரோகிதர்களுடைய மானியமாகவே இருந்து வந்திருக்கின்றது. அங்கே என்ன நடக்கின்றது என்று சொல்ல அவர்களுக்குத்தான் பாத்தியதை. தட்சணை கொடுத்துக் கேட்டுக் கொள்ளுவது நம் வேலை. இந்த வருஷம் எத்தனை மரக்கால் மழை என்று பஞ்சாங்கம் படிப்பவர் சொல்ல, கரிசல்காட்டுச் சம்சாரி கையைக் கட்டிக்கொண்டு கேட்பான். மழை பெய்யாமல் போனால், சொன்னவர் வாங்கின தட்சணையைத் திருப்பிக் கொடுத்தார் என்று உங்களில் யாராவது கேள்விப்பட்டதுண்டா?

அந்த ஆகாயத்திலே மனிதன் இப்பொழுது கண் வைத்திருக்கின்றான். 700, 800 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றிச் சுற்றி வந்து நம் பூமியைப் படம் பிடித்துக் கொண்டிருக்கின்றன. நட்சத்திரம் நம்மைப் பார்த்து நம் தலைவிதியை நிர்ணயிக்கின்றது என்பது பழங்கதை. நாம் செய்த கருவி நம் வயலையும் கண்மாயையும் பார்த்து, போன வருஷத்திற்கும் இந்த வருஷத்திற்கும் என்ன மாறிற்று என்று சொல்லுவது இன்றைய சங்கதி. இதைத்தான் தொலையுணர்வு என்கின்றார்கள்.

இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பச்சை இலை சூரிய வெளிச்சத்தில் உள்ள சிவப்பு ஒளியைத் தனக்கு ஆகாரமாக எடுத்துக் கொள்ளுகின்றது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையோ பெரும்பாலும் திருப்பி எறிந்து விடுகின்றது. நோய் கண்ட இலை அவ்வளவு எறிவதில்லை. தண்ணீரோ அந்த ஒளியை விழுங்கி விடுவதால் படத்தில் கருப்பாகத் தெரியும். வெறும் கரிசல் மண்ணுக்கு ஒரு மாதிரி, தார் ரோட்டுக்கு ஒரு மாதிரி. இவ்வளவுதான் இரகசியம்.

இதை நம் நாட்டில் முதலில் பரீட்சை பார்த்தது தென்னை மரத்தில். 1970ம் வருஷத்தையொட்டி, பிஷாரடி என்னும் விஞ்ஞானியின் யோசனைப்படி, கேரளத்தில் வேர்வாடல் நோய் பிடித்த தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரில் இருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படம் எடுத்தார்கள். கீழே நின்று பார்ப்பவன் கண்ணுக்கு எல்லா மரமும் பச்சையாகத் தோன்றும் காலத்திலேயே, நோய் கண்ட மரம் படத்தில் வேறு நிறமாகத் தனித்துத் தெரிந்தது. நம் ஊராக இருந்தால் தோப்புக்குத் திருஷ்டி என்று சொல்லிப் பூசணிக்காய் உடைத்திருப்பார்கள். உடைத்தவனுக்குக் கூலி, பூசணிக்காய்க்காரனுக்கு வியாபாரம். தென்னைக்கு என்ன லாபம்?

இதற்குப் பின் 1972ம் வருஷம் ஜூலை 23ந் தேதி அமெரிக்காக்காரர்கள் லாண்ட்சாட் என்னும் கோளை ஏவினார்கள். நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ, 1988 மார்ச் 17ந் தேதி சோவியத் இராக்கெட்டில் ஏறிச் சென்றது. ஆனால் நமக்கு முக்கியமான வருஷம் 2008 என்பேன். அதுவரை ஒரு படத்திற்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை வைத்திருந்த லாண்ட்சாட் படங்களை, அந்த வருஷம் முதல் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக் கொள்ளலாம் என்று திறந்து விட்டார்கள். தோழர்களே! நிலக்கணக்கு என்பது ஒரு காலத்தில் கர்ணம் வீட்டுப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. அவர் எழுதினது எழுத்து. அடங்கலில் என்ன இருக்கின்றது என்று பள்ளனோ பறையனோ சக்கிலியனோ கேட்க முடியுமா? அந்தக் கர்ணம், மணியம் பதவிகள் 1980ல் ஒழிந்தன. இப்பொழுது கண்மாயின் படமும் ஆகாயத்தில் இருந்து இறங்கிப் பொதுச் சொத்தாகி விட்டது. ஆனாலும் நாம் இன்னும் பழைய பெட்டிக்கு முன்னால் நிற்பதுபோலவே நின்று கொண்டிருக்கின்றோம்.

நிற்க, உங்கள் ஊர்க் கண்மாய்க்கு வருவோம். இது மானாவாரிச் சீமை. மழை பொய்த்த பூமியில் பிழைக்க வழியில்லாமல்தான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஜனங்கள் போனார்கள். வைப்பாற்றங்கரையில் உள்ள இந்த மேட்டை 2022 முதல் தொல்லியல் துறையார் தோண்டி, சங்கு வளையலும் கண்ணாடி மணியும் எடுத்தார்கள் அல்லவா? அந்த ஜனங்கள் தண்ணீருக்காகத்தான் ஆற்றங்கரையில் குடியேறினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கண்மாய் நிறையவில்லை என்றால் என்ன சொல்லுகின்றார்கள்? சாமி குற்றம் என்கின்றார்கள். கொடை நடத்தவில்லை, தீட்டு ஏற்பட்டு விட்டது என்கின்றார்கள். தவளைக்கும் கழுதைக்கும் கல்யாணம் செய்கின்றார்கள். வரியைப் பிரித்து வசூலிக்கின்றார்கள்.

படம் இதற்கு என்ன சொல்லும் என்று பாருங்கள். ஒரே அளவு மழை பெய்த இரண்டு வருஷங்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்று 30 வருஷத்திற்கு முந்தியது, ஒன்று சமீபத்தியது. இரண்டு வருஷத்தின் மார்கழி மாதப் படத்திலும் கருப்பாகத் தெரியும் தண்ணீர்ப் பரப்பை எண்ணுங்கள். மழை அதே மழையாயிருக்க, தண்ணீர் மட்டும் பாதியாக இருந்தால், குறை மேலே இல்லை, கீழே இருக்கின்றது என்று ஏற்படவில்லையா? வரத்துக்கால்வாய் தூர்ந்திருக்க வேண்டும், அல்லது எவனோ மறித்திருக்க வேண்டும், அல்லது வண்டல் மேடிட்டிருக்க வேண்டும். வருஷா வருஷம் படத்தை வரிசையாக வைத்தால் எந்த வருஷத்தில் குறைய ஆரம்பித்தது என்பதும் தெரியும். அந்த வருஷம் யார் என்ன கட்டினார்கள் என்பது ஊரில் உள்ள கிழவர்களுக்குத் தெரியும். சாமி குற்றம் என்று சொல்லுவதில் யாருக்கு லாபம் என்பதும் அப்பொழுது தெரிந்து போகும். கால்வாயை மறித்தவனே கொடைக்குப் பெரிய தொகை எழுதுகின்றவனாகவும் இருக்கலாம்!

இதேபோலத்தான் சீமைக்கருவேலம். 1877ல் இந்தியாவுக்கு விதை வந்த அந்நிய மரம், இன்று கண்மாய்க்குள் புகுந்து அடைத்துக் கொண்டு நிற்கின்றது. இதில் படத்தை நம்பி ஏமாறவும் இடமுண்டு. மேலிருந்து பார்த்தால் கருவேலமும் பச்சைதான். இந்திய வனக் கணக்கெடுப்பு நிலையத்தார் 1987 முதல் கோள்படங்களைக் கொண்டு காட்டுக் கணக்கு வெளியிடுகின்றார்கள். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மர நிழல் நூற்றுக்குப் பத்துப் பங்கு இருந்தால் அது காட்டுப் பரப்பு; என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி கிடையாது. அப்படியானால் ஒரு ஊரின் கண்மாய் செத்துக் கருவேலம் மண்டினால், கணக்கில் அந்த ஊர் செழித்ததாகவும் ஆகலாம் அல்லவா? ஆனால் இதற்கும் உபாயம் இருக்கின்றது. சித்திரை, வைகாசியில் மானாவாரிக் காடெல்லாம் காய்ந்து கிடக்கும்போது கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். அந்தக் கோடைகாலப் படத்தைப் பார்த்தால் அது எங்கெங்கே இருக்கின்றது என்று காட்டிக் கொடுத்து விடும்.

கருவேல மரம் ஆகாயத்து ஈரத்தை உறிஞ்சி மழையையே விரட்டி விடுகின்றது என்று வாட்ஸ்அப்பில் ஒரு புதுப்புராணம் சுற்றுகின்றது. அதற்கு ஆதாரம் இல்லை. புரோகிதன் சொன்னால்தான் மூடநம்பிக்கை, செல்போனில் வந்தால் விஞ்ஞானம் என்று நினைத்து விடாதீர்கள். 2017ல் ஹைக்கோர்ட் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்ற உத்தரவு போட்டு, அதே வருஷத்தில் அந்த வேலை நிறுத்தியும் வைக்கப்பட்டது. கரிமூட்டம் போட்டு இதனால் கஞ்சி குடிக்கும் குடும்பங்கள் இந்த ஜில்லாவில் ஏராளம். கண்மாயில் இருந்து அதை எடுக்க வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் வெட்டுகின்ற கூலியும் விறகும் அவர்களுக்குத்தான் சேர வேண்டுமே ஒழிய, ஏலம் எடுக்கும் பெரிய மனிதருக்கு அல்ல.

இவ்வளவு சொன்னதால் இந்தப் படத்தைப் புது வேதமாக்கி விடாதீர்கள் என்றும் சொல்லி விடுகின்றேன். லாண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், சுமார் 22 சென்ட். அதற்குள் வரப்பும் மரமும் குடிசையும் ஒன்றாய்க் கலந்து ஒரே நிறமாகி விடும். ஐரோப்பாக்காரர்களின் சென்டினல்-2, ஐந்து நாளைக்கு ஒரு முறை 10 மீட்டர் கட்டமாகக் காட்டுகின்றது. அதுவும் மேகம் மூடினால் குருடுதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டினபோது, மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ராடார் கோள்தான் உதவக் கூடியதாயிருந்தது. எந்தக் கோளும் பட்டாவைக் காட்டாது. பட்டாசு ஆலையில் நொடியில் வெடித்து அடங்கும் அறையையும், அதற்குள் கருகின பெண்ணையும் காட்டாது. அதோடு, ஆக்கிரமிப்பு என்று படத்தை நீட்டும்போது, கரையில் உள்ள ஏழையின் குடிசை முதலில் கண்ணில் படும். பெரிய பண்ணையின் ஆக்கிரமிப்போ காகிதத்தில் ஒளிந்து கொள்ளும். ஆகவே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலால் நடந்து பார்த்தே தீர வேண்டும். விஞ்ஞானிகளே இதைத்தான் களச் சரிபார்ப்பு என்கின்றார்கள்.

இந்தக் கோள்களை ஏவுகின்றவர்கள் யோக்கியதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏவுவதற்கு முன் இராக்கெட்டின் பொம்மையை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போய் வைத்துக் கும்பிடுவது அங்குள்ள பெரிய அதிகாரிகளின் வழக்கம். 2025 மே 18ந் தேதி பூமியைப் பார்ப்பதற்கென்று ஏவின இ.ஓ.எஸ்.-09 என்னும் ராடார் கோள், இராக்கெட்டின் மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்ததால் போய்ச் சேரவில்லை. காரணத்தை எங்கே தேடினார்கள்? இராக்கெட் இயந்திரத்திலா, ஏழுமலையானிடத்திலா? அதே வருஷம் ஜூலை 30ந் தேதி நிசார் என்னும் கோள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. 12 நாளைக்கு ஒரு முறை ஒரே நிலத்தை இரவிலும் மேகத்திலும் பார்க்கும்படி செய்திருக்கின்றார்கள். இதற்குப் பட்ட பாடு மனிதர்கள் பட்ட பாடு. அந்தப் பெயரை மட்டும் ஏன் சாமிக்குத் தானம் செய்ய வேண்டும்?

1931ல் விருதுநகரில் சுயமரியாதை மகாநாடு கூடினபோது, நம் ஜனங்களுக்கு வேண்டியது கேள்வி கேட்கும் தைரியம் என்றுதான் அந்தக் காலத்துத் தோழர்கள் பாடுபட்டார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி சின்னது. மார்ச் 22ந் தேதி தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். அங்கே எழுந்து, எங்கள் கண்மாயின் 20, 30 வருஷத்துப் படங்களை வரிசையாக அச்சடித்துப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள், எல்லாத் தெருக்காரரும் பார்க்கும்படி ஒட்டுங்கள் என்று தீர்மானம் கேளுங்கள். ஆபீசர் சிரித்தால் சிரித்து விட்டுப் போகட்டும்.

அதற்குள் நம் வேலையை ஆரம்பித்து விடலாம். செல்போனில் படம் பார்க்கத் தெரிந்த வாலிபர்கள், ஆணும் பெண்ணும், கூட்டம் முடிந்தவுடன் காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கண்மாய்க் கரை மடையடியில் இருந்து புறப்பட்டு வரத்துக்கால்வாய் முழுதும் நடக்கின்றோம். பழைய கால்வாய் ஓடின வழி தெரிந்த கிழவர்கள் ஒருவர் இருவராவது கூட வந்தால் நல்லது. அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீரை வாலிபர்கள் சுமந்து வாருங்கள்.