பாட்டின் முகம்



வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை என்று எண்ணியிருந்தேன். ஆயின் நம் இளைஞர்கள், "மின்னணுக் காலத்தில் மாற்றிசையும் அதன் ஓவியமும்" என்னும் பொருளில் பேசுமாறு பணித்தார்கள். இசையறிவு சிறிதும் இல்லாத ஒரு பள்ளி ஆசிரியனுக்கு இது பொருந்துமா என முதலில் தயங்கினேன். எண்ணிப் பார்த்தபோது இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே எனத் தெளிந்தேன். ஒரு பாட்டு யாருடையது, அதன் மேலுறையில் யாருடைய முகம் இருக்கிறது என்று கேட்கத் தெரிவதும் கல்வியன்றோ!

தொடங்குமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பறை அடிக்க அனுமதி கேட்டான். "படிக்கிற வேலையைப் பார்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். என் தந்தையார் ஊரில் சாவு விழுந்த போதெல்லாம் பறையடிக்க அழைக்கப்பட்டவர்; பழையசோற்றையும் சில்லறையையும் கூலியாகப் பெற்றவர். அந்தத் தோலை இனித் தொடுவதில்லை என்று அவர் ஒருநாள் பரணில் எறிந்தார். அதனால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அந்த நினைவே என்னை அப்படிப் பேசவைத்தது.

சில வாரங்கள் கழித்து, அம்மாணவன் வைகை மணலில் நின்று பறையடிக்கும் காட்சியை வேறொருவர் கைபேசியில் எனக்குக் காட்டினார். அடி அருமையாக இருந்தது. ஆனால் படத்தில் இரண்டு கைகளும் ஒரு பறையும் மட்டுமே இருந்தன. கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. அவனை அழைத்துக் கேட்டேன். "முகத்தைக் காட்டினால் வகுப்பில் கேலி செய்வார்கள் சார். நீங்களும்தானே வேண்டாம் என்றீர்கள்?" என்றான். எனக்கு விடை சொல்ல இயலவில்லை. இன்றைய என் பேச்சு அவனுக்கு நான் தரும் விடை என்று கொள்ளுங்கள்.

அன்பர்களே, பாட்டுக்குப் படம் சேர்க்கும் வழக்கம் பழையது அன்று. தொடக்கத்தில் இசைத்தட்டுகள் வெறும் பழுப்புக் காகித உறையில்தான் விற்கப்பட்டன. 1940-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞர் அந்த உறைமீது ஓவியம் தீட்டலாம் என்று வழிகாட்டினார். 1948-இல் பன்னிரண்டு அங்குல நெடுந்தட்டு வந்தபின், அந்தச் சதுர அட்டை ஓவியருக்கு ஒரு சுவரே கிடைத்தது போலாயிற்று.

ஆனால் அந்தச் சுவரில் யார் முகத்தை எழுதுவது? 1957-இல் மைல்ஸ் டேவிஸ் என்னும் கறுப்பின மேதை வாசித்த இசைத்தட்டு ஒன்று வெளிவந்தது. உறைமேல் இருந்ததோ பாய்மரப் படகில் அமர்ந்த ஒரு வெள்ளைப் பெண்ணின் படம்! வாசித்தவர் கறுப்பர், விற்கும் முகம் வெள்ளை. டேவிஸ் அதை ஏற்கவில்லை. பின்னர் வந்த பதிப்புகளில் அவருடைய படமே இடம்பெற்றது. மூச்சைக் கொடுத்தவன் முகத்தையும் கேட்டுப் பெறவேண்டியிருந்தது என்பதை மறவாதீர்கள்.

நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். என் இளமையில் எங்களுக்குக் கிடைத்தது ஒலிநாடா. சிவகங்கைச் சீமையில் பிறந்த முனைவர் கே. ஏ. குணசேகரன் அவர்களின் குரல் ஒலிநாடா வழியாகவே சேரிதோறும் சென்றது. கவிஞர் இன்குலாப் எழுதிய "மனுசங்கடா" என்ற பாடலை அவர் பாடக் கேட்டு நிமிர்ந்து உட்காராத இளைஞன் அந்நாளில் இல்லை. இங்கே அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு அவர்கள், "பரட்டை" என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் விடுதலைப் பாடல்களைப் புனைந்தார். நாட்டுப்புற இசையை மக்கள் தம் தேவைக்கேற்ப மாற்றிப் பாடிக்கொள்ளலாம், அதுவே அதன் வலிமை என்பது அவர் கொள்கை.

அந்த ஒலிநாடாக்களை நாங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பதிவுசெய்து கைமாற்றிக்கொண்டோம். பாட்டு பரவியது; ஆனால் உறை பரவவில்லை. மூன்றாவது கைக்குப் போகும்போதே பாடியவர் பெயரும் எழுதியவர் பெயரும் மறைந்துபோயின. பறையும் குழலும் வாசித்தவர்களின் பெயரைக் கேட்பாரே இல்லை.

இந்நிலை மாறிய காலத்தை நம் இளைஞர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்னும் குழு மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாச பண்டிதரின் கருத்திலிருந்தே அதற்குப் பெயர் பிறந்தது. கானாவும் பறையும் மேல்நாட்டுச் சொல்லிசையும் அங்கே ஒரே மேடையில் நின்றன.

அவர்கள் கோட்டும் சூட்டும் அணிந்து வந்தார்கள். கானா பாடுகிறவனுக்குக் கோட்டு எதற்கு என்று கேட்டவர் உண்டு. அண்ணல் அம்பேத்கர் ஏன் கோட்டு அணிந்தார் என்பதை அறிந்தவர்க்கு அந்த ஐயம் எழாது. உடையும் ஓர் ஓவியமே. ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடி அக்குழுவில் நின்ற இசைவாணியை, 2020-இல் பி.பி.சி. நிறுவனம் உலகின் நூறு பெண்களுள் ஒருவராகத் தேர்ந்தது. அதே ஆண்டு தொடங்கிய "மார்கழியில் மக்களிசை" விழா, 2021 டிசம்பரில் நம் மதுரைக்கும் வந்தது. நம் பறை ஆசான் வேலு அவர்களுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. என் தந்தையார் பரணில் எறிந்த கருவி அரசின் விருதுப் பட்டியலுக்கு ஏறிவிட்டது!

எனினும் மகிழ்ச்சியோடு நின்றுவிட முடியாது. 2021 மார்ச்சில் "எஞ்சாயி எஞ்சாமி" என்ற பாடல் வெளிவந்தது. எழுதியவர் அறிவு, பாடியவர்கள் தீயும் அறிவும், தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். தேயிலைத் தோட்டத்தில் உழைத்தும் ஒரு துண்டு நிலம் பெறாத தம் முன்னோர் கதையை, பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்டறிந்து அறிவு அதில் எழுதினார். காணொளியில் அந்தப் பாட்டியே தோன்றுகிறார். கோடிக்கணக்கானோர் அதைக் கண்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் "ரோலிங் ஸ்டோன்" இதழின் இந்தியப் பதிப்பு, தீயையும் ஷான் வின்சென்ட் டி பால் என்ற கலைஞரையும் அட்டையில் வெளியிட்டது; அறிவின் படம் அதில் இல்லை. இரஞ்சித் முதலானோர் குரல் எழுப்பினர். அதன்பின் அறிவின் படத்தோடு ஓர் இணைய அட்டை வெளிவந்தது. 1957-இல் நடந்தது 2021-இலும் நடந்தது என்றால், அட்டைப்படம் என்பது அழகுப் பொருள் மட்டுமன்று, அது ஓர் உரிமைப் பத்திரம் என்பது விளங்கவில்லையா?

பணத்தின் கதை இன்னும் கசப்பானது. அப்பாடலால் கலைஞர் மூவருக்குமே அதுவரை வருவாய் எதுவும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். புகழ் பெற்றவர்க்கே இக்கதி என்றால், வைகை மணலில் நின்று பறையடிக்கும் நம் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?

இன்று பன்னிரண்டு அங்குல உறை கைபேசியில் கட்டைவிரல் நகத்தளவு சுருங்கிவிட்டது. ஆயினும் அதை வரைய அச்சகமும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம். ஒரு கைபேசியும் உழைப்பும் போதும். இந்த வாய்ப்பு எங்கள் தலைமுறைக்கு இல்லை. ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, பெயர் எழுதுங்கள். எழுதியவர், பாடியவர், பறையடித்தவர், படம் வரைந்தவர், ஒளிப்பதிவு செய்தவர் என எல்லார் பெயரும் ஒவ்வொரு பாட்டோடும் இருக்கட்டும். பாட்டியிடம் கேட்ட பாட்டென்றால் பாட்டியின் பெயரை முதலில் எழுதுங்கள்.

இரண்டாவது, சட்டம் படியுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னும் படைப்பு தன்னுடையது என்று சொல்லும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. 2012-இல் செய்த திருத்தம், ஒலிப்பதிவிலிருந்து வரும் உரிமத்தொகையில் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிய பங்கைப் பிறர்க்கு எழுதிக் கொடுக்க முடியாதபடி காக்கிறது. நிகழ்த்தும் கலைஞர் தம் பெயரைக் குறிப்பிடக் கேட்கும் உரிமையையும் தருகிறது. நம் சிம்மக்கல் மைய நூலகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எந்த ஒப்பந்தத்திலும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். நம் முன்னோர் கைநாட்டு வைத்து நிலம் இழந்தார்கள்; நீங்கள் கைபேசியில் விரல் வைத்துப் பாட்டை இழக்கலாகாது.

மூன்றாவது, பறையைத் தேர்ந்தெடுங்கள். பறை உங்கள்மேல் சுமத்தப்பட விடாதீர்கள். சாவு வீட்டுக்குக் கட்டாயமாக அழைக்கும் கையை மறுத்த என் தந்தையாரும் சரியே. மேடையில் தலைநிமிர்ந்து அடிக்கும் நீங்களும் சரியே. இரண்டும் ஒரே விடுதலையின் இரு படிகள். இதை உணராமல்தான் நான் ஒரு பிள்ளையின் முகத்தை அவன் படத்திலிருந்தே வெட்டியெறியக் காரணமானேன்.

அம்மாணவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, நானே அவனைக் கூப்பிட்டு விழாவில் பறையடிக்கச் சொன்னேன். ஒரு மாணவி விழாவுக்குச் சுவரொட்டி வரைந்தாள். நான்கு பறையும் நான்கு முகமும் அதில் இருந்தன. அடியில் ஐந்து பெயர்கள். ஐந்தாவது யார் என்று கேட்டேன். "வரைந்தது நான்தானே சார்" என்றாள். இந்தக் கல்விக் கழகத்தின் பொன்விழா மலர் வெளிவரும் நாளில், அதன் அட்டையை வரைந்தவர் பெயரும் உள்ளே தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.