சொல்லி அடித்தலும் தற்செயலும்

பச்சைத் துணி விரித்து, ஓரங்களில் ஆறு பைகள் அமைத்த மேசையில் ஆடப்பெறும் பந்தாட்டங்களுள் ‘பூல்’ என்பது ஒன்று. ஐக்கிய அமெரிக்காவிலே வளர்ந்து உலகெங்கும் பரவிய இவ்வாட்டத்தில் நெடுங்காலமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஆடுபவர் கோலைப் பிடித்துக் குனியுமுன், எந்தப் பந்தை எந்தப் பையில் வீழ்த்தப் போகின்றார் என்பதைச் சொல்லியே அடித்தல் வேண்டுமா? அன்றி, எவ்வாறு விழுந்தாலும் விழுந்தது விழுந்ததுதான் என்று கொள்ளலாமா?

கரம் பலகையின் முன் அமர்ந்து பழகியவர்க்கு இவ்வினா சற்று வியப்பளிக்கக் கூடும். கரத்தில் எவரும் குழியைக் குறிப்பிட்டு அடிப்பதில்லை. குறி தவறிய காய் வேறொரு காயில் மோதி, அது எதிர்மூலையிற் போய் விழுந்தாலும் அடித்தவருக்கே அது சேரும். எதிரே இருப்பவர் முகம் சுளிப்பார், அவ்வளவே. ஆனால், பரிசுப் பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் அம்முகச் சுளிப்புக்கு விலையுண்டு. ஒருவர் ஒரு மணி நேரம் பிழையின்றி ஆடியிருக்கிறார். மற்றவர் குறி தவறி அடித்த பந்து மூன்று ஓரங்களில் மோதித் திரும்பி, அவரே எதிர்பாராத பையில் வீழ்ந்து ஆட்டத்தை முடித்து விடுகின்றது. வென்றவர் யார் என்பதில் ஐயமில்லை. வென்றது எது என்பதிலேதான் ஐயம்.

சொல்லி அடித்தலின் நியாயத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது ‘பதினான்குக்கு ஒன்று’ எனப்படும் தொடர் ஆட்டம். பதினைந்து பந்துகளுள் பதினான்கு விழுந்தபின், எஞ்சிய ஒன்றை இருந்த இடத்திலேயே விட்டு, பதினான்கையும் மீண்டும் அடுக்கி ஆட்டத்தைத் தொடர்வர். பந்துக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு பந்தையும் பையையும் முன்னரே சொல்லுதல் வேண்டும். வில்லி மொஸ்கோனி என்னும் அமெரிக்கர் 1954ஆம் ஆண்டில் ஒகாயோ மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், எட்டடி மேசையொன்றில் இடையறாது 526 பந்துகளை வீழ்த்தினார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வெண் நிலைத்து நின்றது. 2019இல் ஜோன் ஷிமித் 626 பந்துகளும், 2022இல் ஜேசன் ஷோ 714 பந்துகளும் வீழ்த்தினர். இவ்வெண்களுக்கு மதிப்பளிப்பது யாது? ஒவ்வோர் அடியும் பந்தையும் பையையும் சொல்லியே அடிக்கப்பட்டது என்பதே. சொல்லாமல் அடிக்கும் விதியின் கீழ் 526 என்பது வெறுந் தொகையாகவே நின்றிருக்கும்.

இனி மறுபக்கம். ‘ஒன்பது பந்து’ ஆட்டத்தில் மேசையிலுள்ள மிகச் சிறிய எண்ணுடைய பந்தையே வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். அதன்பின் எப்பந்து எப்பையில் விழுந்தாலும் குற்றமில்லை. ஒன்பதாம் பந்து விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இவ்வாட்டத்தின் கவர்ச்சியே அதன் விரைவும் துணிவுந்தான். பார்வையாளர் மூச்சை அடக்கிக் கொண்டிருக்கையில், ஆடுபவர் நின்று ஒவ்வொன்றாய் அறிவித்துக் கொண்டிருப்பாராயின் பாதிச் சுவை கெடும். தற்செயல் இருவருக்கும் பொது. நீண்ட போட்டியில் அது தானே சமன்பட்டு விடும் என்பர் இவ்வாட்டத்தின் அன்பர்கள். நீண்ட போட்டி என்னும் சொல்லை அவர்கள் அழுத்திச் சொல்லுதல் நல்லது. குறுகிய போட்டியில் அது சமன்படுவதற்கு அவகாசமே இல்லை.

இக்குறையை உணர்ந்தோர் கைக்கொண்டதே ‘பத்துப் பந்து’ ஆட்டம். அதில் அடியைச் சொல்லியே ஆடவேண்டும். இதன் விதிகளை வகுத்தோர் நுட்பமான ஓர் இடரையும் கண்டனர். சொன்ன பந்து தவறி வேறொரு பந்து விழுந்தால், அடித்தவருக்கு முறை போய்விடும். ஆயின் வெள்ளைப் பந்து எதிரி அடிக்க முடியாத மறைவில் போய் நின்றுவிட்டால்? தவறியவருக்கே நன்மை! ஆகவே, அந்நிலையில் வந்தவர் விரும்பினால் ஆடலாம், விரும்பாவிடின் தவறியவரையே மீண்டும் அடிக்கச் செய்யலாம் என உலக விதிகளில் இடம் வைத்தனர். சொல்லச் செய்தல் மட்டும் தற்செயலை ஒழித்துவிடாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. பந்து எங்கே விழும் என்பதைச் சொல்லலாம். வெள்ளைப் பந்து எங்கே நிற்கும் என்பதை எவரும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. அங்கே பாக்கியம் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும்.

சில சாராயக் கடை மேசைகளில் வழங்கும் வேறொரு வழக்கமும் உண்டு. பந்தும் பையும் போதாவென்று, எத்தனை ஓரங்களில் மோதும், வழியில் எந்தப் பந்தை உரசும் என்பதையெல்லாம் சொல்லச் சொல்வார்கள். சற்றே உரசியதா இல்லையா என்று தொடங்கும் வாக்குவாதம் கைகலப்பில் முடிந்தாலும் வியப்பில்லை. உலக விதிகளோ பந்தும் பையும் மட்டும் போதும் என்கின்றன. எவர்க்கும் தெளிவாகத் தெரியும் நேரடியான அடியைச் சொல்லவும் வேண்டியதில்லை. இது அறிவுடைய ஏற்பாடு. கண்ணாற் காணக் கூடியதையே விதி கேட்க வேண்டும்.

ஆங்கிலேயர் மரபில் வந்த ஆட்டங்கள் வேறு வழியிற் சென்றன. ஸ்னூக்கரில் எந்த நிறப் பந்து என்பதைச் சொல்ல வேண்டுமேயன்றி எந்தப் பை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தற்செயலாய் விழுந்ததும் புள்ளியே. ஆனால் பெற்றவர் கையைச் சிறிது உயர்த்தி எதிரியிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். பில்லியட்ஸிலும் முன்னறிவித்தல் இல்லை. 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டத்தை வென்ற இலங்கையரான எம். ஜே. எம். லாபீர் ஆடியதும் அவ்விதியின் கீழேயே. அவ்வெற்றியைத் தற்செயல் என்று எவரும் சொன்னதில்லை. வல்லவனுக்கு இவ்விதி இருந்தாலும் இல்லாவிடினும் பெரிதும் வேறுபாடு இல்லை. நடுத்தரமான இருவர் மோதும்போதே அது தீர்ப்புச் சொல்கின்றது.

பொழுதுபோக்குக்காக ஆடுவோர் பெருந்தொகையாகச் சேர்ந்துள்ள அமெரிக்கப் பூல் ஆட்டக்காரர் சங்கம் ‘எட்டுப் பந்து’ ஆட்டத்தில் இடைவழி ஒன்றை வைத்திருக்கிறது. மற்றைய பந்துகள் எவ்வாறு விழினும் சரி. ஆட்டத்தை முடிக்கும் எட்டாம் பந்துக்கு மட்டும் பையைக் குறித்தே ஆக வேண்டும். வாயாற் சொன்னால் பின்னர் மறுக்கலாம் அல்லவா? ஆதலின், நாணயம் போன்ற பொருளொன்றை அப்பையின் அருகே வைத்துவிட்டு அடிக்க வேண்டும். புதிதாய்ப் பழகுபவன் தற்செயலின் மகிழ்ச்சியை இழப்பதில்லை. முடிவை மட்டும் அவன் கையே எழுத வேண்டும். நடுவர் இல்லாத மண்டபங்களில், அந்த ஒரு நாணயமே நடுவராய் இருந்து விடுகின்றது.