நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவு



முதலாம் பிள்ளையாக வருவதே வாழ்க்கை என்றுதான் இக்கல்லூரியில் படித்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமமே இடம்பெயர்ந்து கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. அருகில் வந்த ஒரு தாய், நனைந்த குழந்தையைத் துடைக்கத் துணி கேட்டார். என் பையில் இருந்தவை பொலித்தீனில் சுற்றிய சான்றிதழ்கள் மட்டுமே. அவை நனையவில்லை, குழந்தைதான் நடுங்கியது.

கொடிகாமத்தில் மாமரத்தின் கீழ் அகதிப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். கொப்பி இல்லை, மணலில் எழுதினோம். பிறகு ஆசிரியையானேன். ஓய்வு பெறும்வரை, கடைசியாக வரும் பிள்ளையின் பக்கத்திலேயே என் கதிரையைப் போட்டேன்.

தங்கைமாரே, பரிசுகளை வெல்லுங்கள். உங்கள் பையில் மற்றவருக்கென்றும் ஏதாவது இருக்கட்டும்.