சாவி போகும் இடத்துக்குக் கேள்வியும் போக வேண்டும்



அரசு இரகசியம், தனியார் சிறை, பொதுப் பொறுப்பு ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்துப் பேச இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள். இந்த அரங்குக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பை எனக்குத் தந்தமைக்கு நன்றி. இங்கே வழங்கப்படவிருக்கும் கட்டுரைகளின் சாரத்தை நான் முந்திக்கொண்டு சொல்லப் போவதில்லை. எந்தக் கேள்வியை மனத்தில் வைத்து அவற்றைக் கேட்கலாம் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தக் கேள்வி நமக்கு மிக அருகில், புதுச்சேரிக் கரையில் தொடங்குகிறது.

2014 ஜூன் மாதம் அந்தக் கரையிலிருந்து ஒரு படகு புறப்பட்டது. அதில் இருந்த 157 பேரும் இலங்கைத் தமிழர்கள். குழந்தைகளும் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் தஞ்சம் கேட்கப் போனவர்கள். கிறிஸ்துமஸ் தீவை நெருங்கும்போது ஆஸ்திரேலியச் சுங்கத்துறைக் கப்பல் மறித்து அவர்களை ஏற்றிக்கொண்டது. ஏறத்தாழ ஒரு மாதம் அவர்கள் அந்தக் கப்பலிலேயே அடைத்து வைக்கப்பட்டனர்.

செய்தியாளர்கள் கேட்டார்கள். அப்படியொரு படகு உண்டா என்ற கேள்விக்குக்கூட அரசு முதலில் பதில் சொல்லவில்லை. கடலில் நடப்பதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதையே அன்றைய அரசு கொள்கையாக வைத்திருந்தது. அந்நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட்டுக்கு வழக்கு போன பிறகுதான், ஆம், அவர்கள் எங்கள் கப்பலில் இருக்கிறார்கள் என்று அரசு ஒப்புக்கொண்டது. 2015 ஜனவரியில் தீர்ப்பு வந்தபோது, கப்பலில் அடைத்து வைத்தது சட்டப்படி செல்லும் என்று நான்கு நீதிபதிகளும், செல்லாது என்று மூன்று நீதிபதிகளும் கூறினர். அதற்கு முன்பே, 2014 ஆகஸ்டில், அந்த மக்களை விமானத்தில் ஏற்றி நவுரு தீவுக்கு அனுப்பியாகிவிட்டது.

கப்பலில் அவர்களைச் சூழ்ந்திருந்தது அரசு இரகசியம். நவுருவில் இறங்கியபோது இரண்டாவது இரகசியமும் அவர்கள்மீது கவிந்தது. அதற்குப் பெயர் ஒப்பந்தம்.

நவுரு 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள குட்டி நாடு. 2012இல் அங்கே ஆஸ்திரேலியாவின் தடுப்பு முகாம் மீண்டும் திறக்கப்பட்டபோது அதை நடத்தும் பொறுப்பு டிரான்ஸ்ஃபீல்டு என்ற நிறுவனத்துக்குப் போனது. காவல் வேலையை அது வில்சன் செக்யூரிட்டி என்ற நிறுவனத்துக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுத்தது. டிரான்ஸ்ஃபீல்டு பின்னர் பிராட்ஸ்பெக்ட்ரம் என்று பெயர் மாறியது. 2016இல் அதை ஸ்பெயின் நாட்டின் ஃபெரோவியல் வாங்கியது. பணம் ஆஸ்திரேலிய மக்களின் வரிப்பணம். நிலம் நவுருவுடையது. முதலாளி ஸ்பெயினில். முகாமுக்குள் இருக்கும் ஒரு தாய் தன் குழந்தைக்கு நேர்ந்ததை யாரிடம் முறையிடுவாள்?

இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆஸ்திரேலியா தன் முதல் தனியார் சிறையை 1990இல் குயின்ஸ்லாந்தின் போரலனில் திறந்தது. 1990களின் இறுதிக்குள் குடியேற்றத் தடுப்பு முகாம்களும் தனியார் கைக்குப் போயின. சமையல், துப்புரவு என்று குத்தகைக்கு விடுவதுபோல, மனிதரைப் பூட்டி வைப்பதும் ஒப்பந்த வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

முதலில் உண்மைக்கு அரசு போட்ட பூட்டைப் பார்ப்போம். 2014இல் நவுரு அரசு செய்தியாளர் விசாவுக்கான கட்டணத்தை 200 டாலரிலிருந்து 8,000 டாலராக உயர்த்தியது. விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. 2015 ஜூலையில் ஆஸ்திரேலிய எல்லைப்படைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலையின்போது அறிந்ததை அனுமதியின்றி வெளியில் சொன்னால் இரண்டாண்டு வரை சிறை என்றது அதன் 42ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் பணிபுரிந்த ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் மருத்துவர்களும்கூட அதற்கு உட்பட்டவர்களே. நோயாளி படும் துன்பத்தைக் கண்ட மருத்துவர் அதைச் சொல்வது குற்றம் என்றானது. மருத்துவர்கள் வழக்குத் தொடுத்த பிறகு, 2016இல் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. 2017இல் சட்டமே தளர்த்தப்பட்டது. அந்த மருத்துவர்களுக்கு இந்த அரங்கு நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்தது ஒப்பந்தம் போட்ட பூட்டு. 2017 ஜனவரியில் ஆஸ்திரேலியத் தேசியத் தணிக்கை அலுவலகம், நவுரு முகாம், பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவில் இருந்த இன்னொரு முகாம் ஆகியவற்றின் ஒப்பந்த நிர்வாகத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. 2012 செப்டம்பர் முதல் 2016 ஏப்ரல் வரை வழங்கப்பட்ட தொகை 230 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதில் 110 கோடிக்கு அனுமதி தந்த அதிகாரிகளுக்கு அந்த அதிகாரமே இல்லை. இன்னொரு 110 கோடிக்கு யார் அனுமதி தந்தார் என்ற பதிவே இல்லை. ஒரு கிராம ஊராட்சியில் இப்படி நடந்திருந்தால் ஊரே திரண்டு கேட்டிருக்கும். நடந்தது யாரும் எளிதில் கால் வைக்க முடியாத ஒரு தீவில். பணத்தின் கணக்கே இந்த நிலையில் இருந்தால் மனிதர்களின் கணக்கு எப்படி இருந்திருக்கும்?

அடைத்து வைத்தது யார் என்ற கேள்விக்கும் நேரான விடை இல்லை. நவுரு முகாமில் இருந்த ஒரு பெண் தொடுத்த வழக்கில், அடைத்தது நவுருதான், நாங்கள் அல்ல என்று ஆஸ்திரேலிய அரசு வாதிட்டது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 2015 ஜூனில், முன்தேதியிட்டு நடைமுறைக்கு வரும்படி சட்டத்தையும் திருத்திக்கொண்டது. 2016 பிப்ரவரியில் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாகவே வந்தது. மானுஸ் முகாமில் இருந்த 1,905 பேர் அரசின் மீதும் ஒப்பந்த நிறுவனங்களின் மீதும் தொடுத்த கூட்டு வழக்கு, 2017இல் விசாரணை தொடங்கும் தறுவாயில் 7 கோடி டாலர் இழப்பீட்டோடு முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. அவர்கள் அதைப் பெற்றது நியாயம். ஆனால் திறந்த நீதிமன்றத்தில் வந்திருக்க வேண்டிய சாட்சியங்கள் வராமலே போயின.

இவ்வளவு பூட்டுகளையும் மீறி உண்மை எப்படி வெளியே வந்தது? 2016 ஆகஸ்டில் கார்டியன் நாளிதழ், நவுரு முகாமின் சம்பவப் பதிவுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வெளியிட்டது. தாக்குதல், பாலியல் துன்புறுத்தல், தற்கொலை முயற்சி எல்லாம் அவற்றில் இருந்தன. பாதிக்கும் மேற்பட்ட பதிவுகள் குழந்தைகளைப் பற்றியவை. முகாமில் இருந்தவர்களில் குழந்தைகள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒன்றை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். அந்தப் பதிவுகளை எழுதியவர்கள் முகாமின் ஊழியர்களே. நாளும் நேரமும் குறித்து, படிவம் நிரப்பி, மேலே அனுப்பியிருக்கிறார்கள். தகவல் இல்லாமல் இல்லை. நிறுவனத்திடம் இருந்தது, அமைச்சகத்திடமும் இருந்தது. செலவுக்குப் பணம் கொடுத்த மக்களிடம் மட்டும் இல்லை. யாரோ ஒருவர் தன் வேலையையும் விடுதலையையும் பணயம் வைத்துக் கொடுத்ததால்தான் நாம் படிக்கிறோம். உண்மை தெரிய ஒருவர் சிறைக்குப் போகத் துணிய வேண்டும் என்றால் அந்த ஏற்பாடு சரியானதன்று.

எதிர்த்தரப்பு சொல்வதையும் நாம் மதித்துக் கேட்க வேண்டும். கடலில் நூற்றுக்கணக்கானோர் மூழ்கி மாண்டார்கள், ஆள்கடத்துபவர்களுக்குத் துப்புக் கிடைக்கக் கூடாது, அதனால்தான் இரகசியம் என்றது அரசு. அந்த மரணங்கள் உண்மை. ஒரு ரோந்துக் கப்பல் இன்று எங்கே நிற்கிறது என்பதை மறைப்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் கப்பலுக்குள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை, மருத்துவர் உண்டா என்பதைச் சொன்னால் எந்தக் கடத்தல்காரனுக்கு என்ன லாபம்? அரசே நடத்தும் சிறைகளிலும் கொடுமை நடக்கிறது, மறைக்கவும் படுகிறது என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அங்கே கேள்வி கேட்கச் சட்டம் ஒரு வாசலையாவது வைத்திருக்கிறது. தனியாரிடம் கொடுத்ததும் அந்த வாசலில், இது வணிக இரகசியம் என்ற பலகை தொங்குகிறது.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். இன்று கோர்சிவிக் எனப்படும் தனியார் சிறை நிறுவனம் 1983இல் டென்னசியில் தோன்றியது. கூட்டாட்சி அரசின் கைதிகளை வைத்திருக்கும் தனியார் சிறைகளும் தகவல் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற மசோதா 2005 முதல் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப வைக்கப்பட்டும் சட்டமாகவில்லை. குடியேற்றத் தடுப்பு மையங்களின் ஒப்பந்த விவரங்களை வெளியிடச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அரசு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. நிறுவனங்கள் போயின. 2017இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்த பிறகே ஓய்ந்தன. மூடி வைப்பதில் அரசைவிட நிறுவனத்துக்கு அக்கறை மிகுதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம்பிக்கை தரும் தீர்ப்புகளும் உண்டு. கோர்சிவிக் நடத்திய சிறையில் முன்பு கைதியாக இருந்த ஒருவர், பின்னர் சிறைச் சட்ட இதழொன்றின் இணை ஆசிரியராகி, அதே நிறுவனத்தின் ஆவணங்களைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2009இல் டென்னசி மேல்முறையீட்டு நீதிமன்றம், சிறை நடத்துவது அரசின் வேலை, அதைச் செய்யும் நிறுவனம் அரசுக்குச் சமம், ஆகவே ஆவணங்களைத் தந்தாக வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி டோரிட் பைனிஷ் எழுதிய தீர்ப்பில், தனியார் சிறைக்கு வழிவகுத்த சட்டத்தையே செல்லாது என்றது. லாப நோக்குள்ள நிறுவனத்தின் கையில் ஒருவரின் சுதந்திரத்தை ஒப்படைப்பது மனித மாண்புக்கு இழுக்கு என்பது அதன் சாரம்.

நம் நாட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவிலும் ஒரு விதை இருக்கிறது. வேறொரு சட்டத்தின்கீழ் தனியாரிடமிருந்து அரசு பெறக்கூடிய செய்தியும் அங்கே தகவல் என்றே கொள்ளப்படுகிறது. அந்தச் சிறு வாசகம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நம் இளம் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இந்த அரங்கிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். மனிதரை அடைத்து வைக்கும் எந்த ஒப்பந்தத்திலும் ஆவணங்கள் பொதுச்சொத்து என்ற வாசகம் இடம்பெற வேண்டும். அது எப்படி அமைய வேண்டும் என்று எழுதிக் காட்டுங்கள். முன்னறிவிப்பில்லாமல் உள்ளே நுழைந்து பார்க்கும் அதிகாரமுள்ள, நிறுவனத்திடமும் அமைச்சரிடமும் ஊதியம் பெறாத பார்வையாளர் குழுவுக்கு விதி வகுத்துத் தாருங்கள். உண்மையைச் சொல்லும் ஊழியருக்குச் சட்டக் காப்பு எப்படி அமைய வேண்டும் என்பதையும் ஆராயுங்கள்.

அரசு தன் அதிகாரத்தில் எதைக் குத்தகைக்கு விட்டாலும் பொறுப்பைக் குத்தகைக்கு விட முடியாது. சிறையின் சாவி எந்தக் கைக்குப் போகிறதோ, மக்களின் கேள்வியும் அந்தக் கை வரை போக வேண்டும். புதுச்சேரிக் கரையில் நின்று, எங்கள் பிள்ளைகள் எங்கே என்று ஒருவர் கேட்டால், விடை சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்று எந்த நாட்டின் சட்டத்திலும் ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருக்க வேண்டும். அதை எழுதத் தேவையான சிந்தனை இந்த இரண்டு நாளில் இங்கே பிறக்கட்டும் என்று வாழ்த்தி, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.