கழகமே தாய்மாமனாக வேண்டும்

(வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

ஒரு வீட்டுத் திண்ணையில் மாலைநேர வகுப்பாகத் தொடங்கிய நம் கழகம் இன்று 25 ஆண்டுகளை நிறைவு செய்கிறது. அன்று நம் முன் நின்ற வினா, “நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டுவார்களா?” என்பது. தாண்டிவிட்டார்கள். தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் படித்துத் தேறியும் விட்டார்கள். ஆயினும் சான்றிதழ்களைக் கையில் ஏந்திக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்கள். “முன் அனுபவம் உண்டா?” என்னும் ஒரே கேள்வி அவர்களை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது.

அனுபவம் நமக்கா இல்லை? வயலிலும், செங்கற்சூளையிலும், தோல் பதனிடும் தொட்டியிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் நம் முன்னோர். ஆனால் அந்த உழைப்புக்குச் சான்றிதழ் இல்லை. அதன் வழியே மேலேறப் படியும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நம் நிலை இருவகையிலும் இடருற்றது. நம் பெற்றோரிடம் தொழில் இருந்தது, ஏடு இல்லை. நம் பிள்ளைகளிடம் ஏடு இருக்கிறது, தொழிற்பழக்கம் இல்லை.

இதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விடுமுறையில் தாய்மாமனின் பட்டறையிலோ, சிற்றப்பாவின் கடையிலோ சென்று அமர்கிறான். கணக்கு எழுதுவதையும், வாடிக்கையாளரிடம் பேசுவதையும், இயந்திரத்தின் ஓசையை வைத்தே பழுதை அறிவதையும் அவன் அங்கே கற்றுவிடுகிறான். நம் பிள்ளைக்கு அத்தகைய தாய்மாமன் இல்லை. ஆகவே கழகமே அவனுக்குத் தாய்மாமனாக வேண்டும். இன்று நாம் சொல்ல வந்தது இந்த ஒன்றே.

இது புதிய கருத்தன்று. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகப் பொறுப்பேற்ற அண்ணல் அம்பேத்கர், அவ்வாண்டு அக்டோபரில் நம் மக்களின் குறைகளைத் தொகுத்து லின்லித்கோ பிரபுவிடம் ஒரு மனு அளித்தார். அரசு அச்சகங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்களுக்குத் தொழில் பழக இடமளிக்க வேண்டும் என்பது அதில் அவர் எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்று. பட்டங்கள் பல பெற்ற அப்பேரறிஞர், ஏட்டுக் கல்வியோடு நில்லாமல் பணிமனைக் கதவையும் தட்டினார் என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது.

அக்கதவுக்கு இன்று சட்டமே சாவி. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. 18 வயது நிரம்பாதவர்க்காகப் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிட வேண்டும். பயிற்சியில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு தருவது நிறுவனத்தின் பொறுப்பு. பயிற்சிக் காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. 2019இல் திருத்திய விதிகள் அதன் குறைந்தபட்ச அளவைக் கல்வித் தகுதிக்கேற்ப 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை வகுத்தன. சேரும்போது நடப்பிலுள்ள தொகையைக் கேட்டறிந்து கொள்க. பட்டமும் பட்டயமும் பெற்றவர்கள் சென்னைத் தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தை நாடலாம்.

பயிற்சி முடித்தவர்க்கு வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதை மறைத்து நாம் ஆசை காட்ட விரும்பவில்லை. ஆயினும் பயிற்சியின் முடிவில் தேர்வெழுதிப் பெறும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. இரயில்வே தன் முதல்நிலைப் பணியிடங்களில் 20 விழுக்காட்டை, இரயில்வே நிறுவனங்களில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலையும் பொன்மலைப் பணிமனையும் நாம் கண்ணெடுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்.

இனி, நாம் செய்த ஒரு பிழையை இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஃபிட்டர் பிரிவில் தேறிய நம் பள்ளி மாணவன் ஒருவனை, தெரிந்தவர் ஒருவர் வழியாக ஒரு தனியார் பட்டறையில் சேர்த்துவிட்டோம். ஒப்பந்தம் எழுதவில்லை, வாய்ச்சொல்லே போதுமென்று இருந்துவிட்டோம். மூன்றாம் வாரம் அவன் நம்மைத் தேடி வந்தான்.

“ஐயா, இன்னும் என்னை லேத்துப் பக்கம் விடவில்லை. கழிவறை கழுவச் சொல்கிறார்கள். கூடச் சேர்ந்த இருவரும் இயந்திரத்தில் நிற்கிறார்கள். எந்தத் தெரு என்று கேட்டறிந்த பிறகுதான் இப்படி” என்றான்.

“பொறுத்துக்கொள் தம்பி, போகப் போகச் சரியாகிவிடும்” என்று திருப்பி அனுப்பினோம். நாற்பதாம் நாள் அவன் நின்றுவிட்டான். பிறகு எத்தனை சொல்லியும் எந்தப் பட்டறைப் படியும் ஏறவில்லை. இன்று அவன் சந்தையில் மூட்டை சுமக்கிறான். நம்மைக் கண்டால் இன்றும் தோளிலிருக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வணங்குகிறான். அந்த வணக்கத்தை ஏற்க நமக்குத் தகுதி இல்லை. அவனிடம் பொறுமையைக் கேட்ட நாம், பட்டறைக்காரரிடம் நியாயத்தைக் கேட்கவில்லை.

ஆகவே உறுப்பினர்களுக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, அரசுப் பணியிலோ, வங்கியிலோ, தொழிற்சாலையிலோ இருக்கும் ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுக்கு ஓர் இளைஞனையோ இளம்பெண்ணையோ தம் பொறுப்பில் ஏற்க வேண்டும். எங்கே இடமிருக்கிறது, எப்படி விண்ணப்பிப்பது என்று காட்டி, முதல் நாள் வாயில் வரை உடன் செல்ல வேண்டும். இரண்டாவது, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத இடத்துக்கு நம் பிள்ளையை அனுப்பலாகாது. மூன்றாவது, பயிற்சி நடக்கும் காலத்தில் மாதம் ஒருமுறை கழகத்தார் சென்று, “என்ன கற்றாய்?” என்று கேட்க வேண்டும். கற்பிக்காமல் ஏவல் வேலை மட்டும் வாங்கினால், சாதி பார்த்து வேலை பிரித்தால், அப்பிள்ளையைத் தனியே நிற்க விடாமல் கழகமே முன்னின்று முறையிட வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். கூலிக்குப் போனால் இன்றே காசு வரும். பயிற்சிக்குப் போனால் காசு குறைவு என்னும் கணக்கு நமக்குத் தெரியாததன்று. அந்த ஓராண்டைத் தாங்க முடியாத குடும்பத்துக்குப் பேருந்துச் செலவையேனும் கழக நிதி ஏற்க வேண்டும். பெண் பிள்ளைகளைத் தொலைவென்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இருவர் மூவராகச் சேர்த்து அனுப்புங்கள்.

இளைஞர்களே! குறித்த நேரத்துக்குச் செல்லுங்கள். தெரியாததைக் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் கற்றதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கடினமான வேலைக்கு அஞ்சாதீர்கள். ஆனால் இழிவுக்குத் தலைகுனியாதீர்கள். கடினம் வேறு, இழிவு வேறு. அவ்வேறுபாடு மயங்கும் நாளில் நம்மிடம் வாருங்கள். இனி “பொறுத்துக்கொள்” என்று சொல்லி அனுப்ப மாட்டோம். எழுந்து உங்களுடன் வருவோம்.